ஒரு காணி நிலம் கேட்டவருக்கு வாடகை வீடுதான் வாய்த்தது: பாரதி வாழ்ந்த வீடுகள் சொல்லும் கதை

பள்ளிப்பட்டில் காலையில் பஸ் ஏறி, திருத்தணியில் புறநகர் ரயிலைப் பிடித்தால் மதியத்துக்குள் திருவல்லிக்கேணி போய்விடலாம். கும்மிடிப்பூண்டியில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். சென்ட்ரலில் இறங்கி, எதிர்ப்பக்கம் பார்க் டவுனில் பறக்கும் ரயிலுக்கு மாறினால் திருவல்லிக்கேணி ஸ்டேஷன். அங்கிருந்து பார்த்தசாரதி கோயிலை விசாரித்துப் போனால், கோயிலை ஒட்டிய துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் ஒரு வீடு. பெயர்ப்பலகையில் பாரதியார் இல்லம் என்று எழுதியிருக்கும்.

வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் கிடைக்கும்போது, இந்த வீட்டைப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? உள்ளே சுவர்களில் படங்கள், கையெழுத்தின் நகல்கள், வாழ்க்கைக் குறிப்புகள். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் இந்த வீட்டுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார், இதற்கு முன் எந்தெந்த வீடுகளில் இருந்தார் என்று தெரிந்துகொண்டு போனால், அந்த அரை மணி நேரம் வேறு மாதிரி இருக்கும். ஏனென்றால் இது பாரதியின் சொந்த வீடு கிடையாது. வாடகை வீடு. தன் சம்பாத்தியத்தில் அவர் சொந்தமாக ஒரு வீடு வாங்கியதே இல்லை.

எட்டயபுரம்: அப்பாவின் ஆலை, பிள்ளையின் பட்டம்

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தார் சுப்பிரமணியன். வீட்டில் செல்லமாக சுப்பையா. அப்பா சின்னசாமி ஐயர், அம்மா லட்சுமி அம்மாள். ஐந்து வயதில் அம்மா போய்விட்டார். எட்டயபுரம் ஜமீன் சமஸ்தானத்தோடு நெருக்கமாக இருந்த அப்பாவுக்கு மகன் கணக்கும் ஆங்கிலமும் படித்து முன்னேற வேண்டும் என்று ஆசை. மகனுக்கோ பாட்டுக் கட்டுவதில்தான் கவனம். 11 வயதில், சமஸ்தானப் புலவர்கள் கூடிய சபையில் அவருக்கு பாரதி என்ற பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டம்தான் பிறகு பெயராகவே நிலைத்தது.

அப்பா சின்னசாமி ஐயர் கொஞ்சம் காலத்துக்கு முந்திய மனிதர். கரிசல் பூமியில் பருத்தி விளைகிறது, அதை அங்கேயே அரைத்தால் என்ன என்று எட்டயபுரத்தில் பருத்தி ஆலை ஒன்றைத் தொடங்கினார். இன்றைய மொழியில் ஸ்டார்ட்-அப். அது நொடித்துப் போனது. கடனும் கவலையுமாக 1898-ல் அவர் இறந்தபோது பாரதிக்கு 15 வயது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாவோடு கல்யாணம் ஆகியிருந்தது. செல்லம்மாவுக்கு அப்போது வயது ஏழு. அந்தக் காலத்து வழக்கம் அது. பின்னாளில் குழந்தை மணத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர், அந்த வழக்கத்துக்குத் தானே ஆளானவர்தான்.

எட்டயபுரத்தில் அவர் பிறந்த வீடு இன்று தமிழக அரசின் நினைவு இல்லம். ஊரில் தனியாக ஒரு மணிமண்டபமும் இருக்கிறது. எழுத்தாளர் கல்கியின் முயற்சியில் வாசகர்களிடம் நிதி திரட்டிக் கட்டிய மண்டபம் அது. 1947-ல் ராஜாஜி திறந்து வைத்தார்.

காசி: முண்டாசும் மீசையும் வந்த இடம்

அப்பா போன பிறகு பாரதி போனது காசிக்கு. அங்கே அத்தை குப்பம்மாளும் அவர் கணவர் கிருஷ்ண சிவனும் இருந்தார்கள். கங்கைக் கரையில் ஹனுமான் படித்துறைக்குப் பக்கத்தில் சிவமடம் என்ற வீடு. அங்கே தங்கித்தான் இந்தியும் சமஸ்கிருதமும் படித்தார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள்.

இன்று நாம் பார்க்கும் பாரதி தோற்றம் அங்கேதான் உருவானது. தலையில் முண்டாசு, முறுக்கிய மீசை. ஆசாரமான பிராமணக் குடும்பத்துப் பையன் குடுமியை எடுத்துவிட்டு மீசை வைப்பது அப்போது சாதாரண விஷயமில்லை. கூடவே, பல மொழி பேசும் மக்கள் ஒரே படித்துறையில் இறங்கிக் குளிக்கும் ஊர் அது. பின்னாளில் அவர் பாட்டில் வந்த இந்தியா, புத்தகத்தில் படித்த இந்தியா மட்டுமில்லை, காசித் தெருவில் அவர் நடந்து பார்த்த இந்தியாவும்தான்.

அந்தச் சிவமட வீட்டின் ஒரு பகுதியைத் தமிழக அரசு 18 லட்சம் ரூபாய் செலவில் புதுப்பித்து நினைவிடமாக்கியது. 2022 டிசம்பர் 11 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் காணொலி வழியாக அதைத் திறந்து வைத்தார். காசிக்குப் போகிற தமிழ்நாட்டுக்காரர்கள் விஸ்வநாதர் கோயிலோடு இதையும் பார்த்துவிட்டு வரலாம்.

சென்னை, முதல் முறை: 21 வயது துணை ஆசிரியர்

காசியிலிருந்து திரும்பி எட்டயபுரம் அரண்மனையில் சில காலம் இருந்தார். அது ஒத்துவரவில்லை. 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் மூன்று மாதம் தற்காலிகத் தமிழாசிரியர் வேலை. அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் சுதேசமித்திரன் நாளிதழில் துணை ஆசிரியர். அவரை அழைத்து வந்தவர் பத்திரிகையின் நிறுவனர் ஜி.சுப்பிரமணிய ஐயர். சுதேசமித்திரன் தொடங்கியதும் 1882-ல்தான். பத்திரிகைக்கும் அதன் துணை ஆசிரியருக்கும் ஒரே வயது.

அங்கே அவருக்கு முக்கியமான வேலை மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் தந்தி வழியே வந்து விழும் செய்திகளைத் தமிழில் தர வேண்டும். தமிழில் இல்லாத விஷயங்களுக்குத் தமிழில் சொல் தேட வேண்டும். ஊருக்குப் புரிகிற உரைநடையில் அவருக்குக் கை பழகியது இந்த நியூஸ் டெஸ்க்கில்தான் என்று சொன்னால் தப்பில்லை.

ஆனால் சுதேசமித்திரனின் மிதமான குரல் அவருக்குப் போதவில்லை. 1905 வங்கப் பிரிவினைக்குப் பிறகு நாடே கொதித்துக்கொண்டிருந்தது. 1906 மே மாதம் இந்தியா என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. பின்னால் இருந்து எழுதியவர் பாரதி. அரசியல் கார்ட்டூன்களைத் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கிய பத்திரிகை அது.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு சம்பவம் இன்றைய அரசியலுக்கும் பாடம். மிதவாதக் காங்கிரஸ் தலைவர் வி.கிருஷ்ணசாமி ஐயரை பாரதி தன் பத்திரிகையில் கடுமையாகச் சாடிவந்தார். அதே கிருஷ்ணசாமி ஐயர் 1907-ல் பாரதியின் தேசப் பாட்டுகளைக் கேட்டு நெகிழ்ந்துபோய், மூன்று பாட்டுகளைத் தன் செலவில் 15,000 பிரதி அச்சடித்து இலவசமாக விநியோகிக்க வைத்தார். கருத்தில் எதிரி, பாட்டுக்கு ரசிகர். இரண்டும் ஒரே ஆளாக இருக்க முடிந்த காலம்.

புதுச்சேரி: பத்து வருட வாடகை

1908-ல் ஆங்கிலேய அரசு பத்திரிகைகள் மேல் பாய்ந்தது. இந்தியா பத்திரிகையின் ஆசிரியர் என்று பதிவாகியிருந்தவர் பாரதி இல்லை, சீனிவாசன் என்பவர். அவரைக் கைது செய்து தண்டித்தார்கள். அடுத்தது தான்தான் என்று தெரிந்து, நண்பர்கள் சொல்படி பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர்தான். ஆனால் வேறு நாடு. இங்கிலீஷ் போலீஸ் அங்கே வந்து கைவைக்க முடியாது.

பத்திரிகையும் பின்னாலேயே புதுச்சேரிக்கு வந்தது. அங்கே அச்சாகும் இதழை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தார்கள். சந்தா வராத பத்திரிகை எத்தனை நாள் ஓடும்? 1910 மார்ச்சில் நின்றுவிட்டது. 1911 ஜூனில் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு கண்காணிப்பு இன்னும் இறுகியது. தெருமுனையில் உளவாளிகள், வருகிற கடிதங்கள் மேல் கண். கையில் பத்திரிகை இல்லை, நிலையான சம்பளம் இல்லை, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள்.

ஆச்சரியம் என்னவென்றால், அவருடைய மிகப் பெரிய படைப்புகள் எல்லாம் இந்த நெருக்கடியில் வந்தவை. பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு எல்லாமே புதுச்சேரியில் எழுதியவைதான். செய்தி எழுத முடியாதபோது கவிதைக்கு நேரம் கிடைத்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நேரத்துக்கு விலை கொடுத்தவர் செல்லம்மா. அன்றைக்குச் சமைக்க எடுத்து வைத்த அரிசியைப் பாரதி எடுத்துக் குருவிகளுக்கு இறைத்துவிட்ட கதையை நாம் ரசித்துக் கேட்கிறோம். அன்றைக்கு உலை வைக்க வேண்டியவரின் இடத்திலிருந்து அந்தக் கதையை யோசித்தால் ரசிப்பது அவ்வளவு சுலபமில்லை.

புதுச்சேரியில் அவர் குடியிருந்த ஒரு வீட்டின் சொந்தக்காரரை ஊரே விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று அழைத்தது. வாடகை கேட்க வருவார். பாரதி பாடிக்கொண்டிருப்பார். உட்கார்ந்து கேட்டுவிட்டு, வந்த காரியத்தைப் பற்றி வாயே திறக்காமல் போய்விடுவார். பாரதியைப் பற்றி எழுதிய நண்பர்கள் பலரும் இந்தச் செட்டியாரை மறக்காமல் குறிப்பிடுகிறார்கள். இன்றைக்கு மூன்று மாத அட்வான்ஸ் கேட்கும் ஹவுஸ் ஓனர்களை நினைத்தால் அந்த மனிதர் எவ்வளவு அபூர்வம் என்று புரியும்.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டைப் புதுச்சேரி அரசு அருங்காட்சியகமாகவும் ஆய்வு மையமாகவும் பராமரிக்கிறது. பீச் ரோட்டில் செல்ஃபி எடுத்துவிட்டு ஊர் திரும்புபவர்கள் இந்தத் தெருவுக்கும் ஒரு நடை போகலாம். புதுச்சேரி வாழ்க்கையில்தான் 1913-ல் கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பாரதி பூணூல் அணிவித்து, இனி நீயும் பிராமணன்தான், யார் கேட்டாலும் தைரியமாகச் சொல் என்ற பொருளில் சொல்லி அனுப்பினார். அந்தக் காரியத்தை இன்று வேறு வேறு கோணத்தில் விமர்சிக்கிறவர்கள் உண்டு. சாதியை ஒழிக்கப் பூணூல் எதற்கு என்பது நியாயமான கேள்வி. ஆனால் 1913-ல், அக்கம்பக்கத்தார் பார்க்க, அதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். கனகலிங்கம் பிறகு தன் குருவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். புதுச்சேரிக்காரரான கனக சுப்புரத்தினம் பாரதியைச் சந்தித்து, பாரதிதாசன் ஆனதும் இந்த ஆண்டுகளில்தான்.

ஒரு காணி என்றால் எவ்வளவு?

பாரதி பராசக்தியிடம் ஒரு காணி நிலம் கேட்டுப் பாடிய பாட்டு எல்லோருக்கும் தெரியும். அதில் நிலம் மட்டும் கேட்கவில்லை. அழகான தூண்களோடு ஒரு மாளிகை, கிணறு, தென்னை மரங்கள், நிலா வெளிச்சம், குயில் சத்தம், கூட இருக்க மனைவி என்று பட்டியல் நீளும். படிக்கிற காலத்தில் அழகான கற்பனை என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறோம். கேட்டவர் வாடகை பாக்கியோடு இருந்தவர் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

ஒரு காணி என்பது 1 ஏக்கர் 32 சென்ட். ஏறக்குறைய 24 கிரவுண்டு, அதாவது சுமார் 57,500 சதுர அடி. திருவள்ளூர் பக்கம், பெரியபாளையம் பக்கம் வீட்டு மனை விளம்பரம் பார்த்து 600 சதுர அடிக்கும் 1,200 சதுர அடிக்கும் இஎம்ஐ கணக்குப் போடுகிற தலைமுறைக்கு அந்த அளவு தலைசுற்ற வைக்கும். கேட்பதே சாமியிடம், அதில் எதற்குக் கஞ்சத்தனம் என்று அவர் நினைத்திருக்கலாம். பாட்டின் கடைசியில் ஒரு கணக்கும் உண்டு. இவ்வளவும் கொடுத்தால், பதிலுக்குத் தன் பாட்டால் உலகத்தைக் காப்பேன் என்கிறார். சும்மா கேட்கவில்லை. வேலைக்குக் கூலியாகத்தான் கேட்டார்.

எரிந்த வீடும் ஒரு ஜப்பானியக் கவிஞரும்

வீடு பற்றிப் பாரதி எழுதிய இன்னொரு விஷயம் அதிகம் பேருக்குத் தெரியாது. 1916 அக்டோபர் 16 சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி அவர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். கல்கத்தாவின் மாடர்ன் ரிவ்யூ இதழில் ஜப்பானியக் கவிஞர் நோகுச்சி எழுதியதைப் படித்துவிட்டு எழுதியது. ஹைக்கூ என்ற வடிவத்தைத் தமிழுக்கு முதலில் அறிமுகப்படுத்திய கட்டுரை என்று அதைச் சொல்கிறார்கள். வளவளவென்று பாடாமல் மூன்றே வரியில் சொல்லி முடிப்பது அவரைக் கவர்ந்துவிட்டது.

அந்தக் கட்டுரையில் ஹொகூஷி என்ற கவிஞர் வருகிறார். பாஷோ என்ற பெரும் கவிஞரின் சீடர். அவருடைய வீடு தீப்பிடித்து எரிந்துபோனது. அதைப் பற்றி அவர் எழுதிய குட்டிக் கவிதையில் அழுகை இல்லை. வீடு எரிந்ததையும், உதிர்கிற பூக்களின் அமைதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிறுத்திவிடுகிறார். ஊரைவிட்டு வந்து எட்டு வருஷம் ஆகி, வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வீடிழந்த ஒரு ஜப்பானியரைப் பற்றிப் பாரதி தமிழில் எழுதியிருக்கிறார் என்பது யோசிக்க வைக்கும் விஷயம்.

அதே 1916 டிசம்பரில் ஜப்பானின் மாபெரும் நாவலாசிரியர் நட்சுமே சோசெகி இறந்தார். அவர் பூனை ஒன்று கதை சொல்வதுபோல எழுதிப் புகழ்பெற்ற நாவல் பிறந்ததும் ஒரு வாடகை வீட்டில்தான். டோக்கியோவில் இருந்த அந்த வீட்டில் அவருக்கு முன்பு மோரி ஓகாய் என்ற இன்னொரு பெரிய எழுத்தாளரும் குடியிருந்தார். ஜப்பானியர்கள் அந்த வீட்டை அப்படியே பிரித்தெடுத்து, ஐச்சி மாகாணத்தில் பழைய கட்டிடங்களுக்காகவே உருவாக்கிய மெய்ஜி முரா என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்றும் உள்ளே போய்ப் பார்க்கலாம். எழுத்தாளருக்குச் சொந்தமில்லாத வீட்டையும் எழுத்தாளரின் வீடாகப் பாதுகாப்பது நமக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

கடையம்: மாமியார் வீட்டில் ஒரு பெரிய பிசினஸ் பிளான்

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் முடிந்தது. இனியும் ஒளிந்திருக்க முடியாது என்று நவம்பர் 20 அன்று பாரதி புதுச்சேரி எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே கைது. கடலூர் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல். பலர் பேசி, டிசம்பர் நடுவில் விடுதலை. ஆனால் நிபந்தனைகள் இருந்தன. திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருக்க வேண்டும், எழுதுவதைப் போலீஸ் மேலதிகாரியிடம் காட்டித்தான் வெளியிட வேண்டும். எழுதிப் பிழைக்கிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன?

போன இடம் செல்லம்மாவின் ஊரான கடையம். மனைவி வீட்டார் ஊரில், கையில் காசில்லாமல், ஊர் ஆசாரத்துக்குக் கட்டுப்படாத மாப்பிள்ளையாக இரண்டு வருடம். 1919-ல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதி உதவி கேட்டார். ஒரு புலவனுக்கு அரசன் தர வேண்டிய மரியாதைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லி, ஜதி பல்லக்கு உட்படக் கேட்டார். பல்லக்கு வரவில்லை.

சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. 1920-ல் ஒரு திட்டம் போட்டார். தன் எழுத்துகள் மொத்தத்தையும் 40 புத்தகங்களாகப் போடுவது. ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி. மொத்தம் 4 லட்சம். அச்சிட நண்பர்களிடம் கடன் கேட்டு சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு தன் புத்தகம் விற்கும் என்பது அவர் நம்பிக்கை. பணம் திரளவில்லை. திட்டம் காகிதத்தோடு நின்றது. கேட்ட அன்றைக்கு அது பைத்தியக்காரத்தனம் மாதிரிதான் தெரிந்திருக்கும். இன்றைக்கு எந்தப் புத்தகக் கண்காட்சிக்குப் போனாலும் பாரதியார் கவிதைகள் எத்தனை பதிப்பகம் போட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவர் கணக்கு தப்பில்லை. வருஷம்தான் தப்பு.

மீண்டும் சென்னை: யானை கொன்றதா?

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, 1920 நவம்பரில் மறுபடி சுதேசமித்திரனில் சேர்ந்தார். 16 வருஷம் முன்பு வேலையில் சேர்ந்த அதே பத்திரிகை. நிலையான சம்பளம் வர ஆரம்பித்தது. குடியிருக்கத் திருவல்லிக்கேணி வீடு. இப்போது நாம் நிற்கும் இடம் இதுதான்.

பார்த்தசாரதி கோயில் யானைக்குத் தேங்காய், பழம் கொடுப்பது அவர் வழக்கம். 1921 நடுவில் ஒருநாள் மதம் பிடித்திருந்த யானைக்குப் பக்கத்தில் போனபோது, அது துதிக்கையால் தள்ளிவிட்டது. யானையின் காலடியில் விழுந்து கிடந்தவரை, உயிரைப் பணயம் வைத்து உள்ளே குதித்துத் தூக்கி வந்தவர் குவளைக் கண்ணன். புதுச்சேரிக் காலத்து நண்பர். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சிகிச்சை.

யானை மிதித்துப் பாரதி இறந்தார் என்று இன்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சுற்றுகிறது. அது சரியில்லை. காயம் ஆறி அவர் வேலைக்குத் திரும்பினார். ஜூலை 31 அன்று ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேசினார். தலைப்பு, மனிதனுக்கு மரணம் இல்லை என்பது. அந்தப் பயணத்தைப் பற்றி சுதேசமித்திரனில் கட்டுரையும் எழுதினார். யானைத் தாக்குதலுக்குப் பிறகு ஒரு மனிதர் ஊர் ஊராகப் போய்ப் பேசி, கட்டுரை எழுதியிருக்கிறார் என்றால் யானை அவரைக் கொல்லவில்லை என்றுதானே அர்த்தம்?

கொன்றது வயிற்றுக் கடுப்பு. செப்டம்பர் தொடக்கத்தில் பிடித்தது. பல வருடம் சரியான சாப்பாடு இல்லாமல் இளைத்த உடம்பு, யானை கொடுத்த அதிர்ச்சி வேறு. தாங்கவில்லை. செப்டம்பர் 11 ராத்திரி நண்பர்கள் கூட இருந்தார்கள். மருந்து சாப்பிட மறுத்தார். காலையில் ஆபீஸ் போக வேண்டும், ஆப்கானிஸ்தான் மன்னர் அமானுல்லா கானைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னதாக உடனிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டி, கடிகாரக் கணக்கில் 12-ம் தேதி அதிகாலை ஒன்றரை மணி அளவில் உயிர் பிரிந்தது. 39 வயது நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது. சந்திரிகையின் கதை என்ற நாவல் பாதியில் நின்றது.

கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு உடன் வந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. திருவல்லிக்கேணி இல்லத்தைப் பார்க்கிறவர்கள் வாசலில் நின்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டிய எண் இதுதான்.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

வீடு விஷயம் இப்படி. எழுத்து என்ன ஆனது?

பாரதி விட்டுப்போன ஒரே சொத்து அவர் எழுத்து. செல்லம்மாள் 1922-லேயே பாட்டுகளைப் புத்தகமாகப் போட்டார். கையில் முதல் இல்லை. பிறகு பாரதியின் தம்பி சி.விசுவநாதன் முதலானோர் பாரதி பிரசுராலயம் மூலம் வெளியிட்டார்கள். உரிமை விசுவநாதனிடம் போனது. 1928-ல் அரசு பாரதி பாடல் புத்தகங்களைப் பறிமுதல் செய்தபோது சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எழுந்து வாதாடினார். பறிமுதல் செய்யப் போய், ஊரெல்லாம் பாரதியைப் படிக்க வைத்ததுதான் மிச்சம்.

அடுத்த சண்டை சினிமாவில் வந்தது. கிராமபோன், ரேடியோ, படம் ஆகியவற்றில் பாடும் உரிமை கைமாறி ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் வந்திருந்தது. 1947-ல் அவருடைய நாம் இருவர் படத்தில் டி.கே.பட்டம்மாள் குரலில் பாரதி பாட்டுகள் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. பிறகு டி.கே.சண்முகம் சகோதரர்கள் தங்கள் பில்ஹணன் படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியபோது, உரிமை எங்களுடையது என்று வழக்கு. அப்போதுதான் ஊர் விழித்தது. தேசத்துக்காகப் பாடியவர் பாட்டைப் பாட ஒரு கம்பெனியிடம் அனுமதி கேட்பதா? எழுத்தாளர்கள் கூடிக் கூட்டம் போட்டார்கள், அரசுக்கு மனு கொடுத்தார்கள், செல்லம்மாளிடமும் மகள்களிடமும் சம்மதக் கடிதம் வாங்கினார்கள்.

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையை வாங்கியது. மெய்யப்பச் செட்டியார் தன்னிடம் இருந்த உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாளுக்கும் மகள்கள் தங்கம்மாள், சகுந்தலா இருவருக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய். சில ஆண்டுகளில் அரசு அந்த உரிமையையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் பொதுமக்களுக்கே விட்டுவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், பாடலாம், படத்தில் வைக்கலாம், யூடியூபில் போடலாம். ஒருவரிடமும் கேட்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்ற வழக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் எழுத்தாளர்களின் நூல்களை அரசு இப்படிப் பொதுவாக்கி, குடும்பத்துக்குத் தொகை கொடுத்திருக்கிறது. இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கிப் படிக்கும் பழைய தமிழ் நூல்கள் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்த ஏற்பாடுதான்.

பல்லக்கு வந்த தெரு

திருவல்லிக்கேணி வீட்டைத் தமிழக அரசு வாங்கி, 1993-ல் நினைவு இல்லமாக்கியது. அவர் இறந்து 72 வருஷம் கழித்து. 2021-ல் நூற்றாண்டு நினைவு நாளையொட்டி செப்டம்பர் 11-ஐ மகாகவி நாளாக அரசு அறிவித்தது.

ஆனால் இந்த வீட்டுக்குப் போக நல்ல நாள் டிசம்பர் 11. ஆண்டுதோறும் அவர் பிறந்தநாளையொட்டி, பார்த்தசாரதி கோயில் பக்கத்திலிருந்து இந்த இல்லம் வரை பாரதியின் சிலையை ஜதி பல்லக்கில் வைத்துத் தூக்கி வருகிறார்கள். 1919-ல் கடையத்தில் இருந்துகொண்டு அவர் கேட்டுக் கிடைக்காமல் போன அதே பல்லக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முண்டாசு கட்டி, மையில் மீசை வரைந்துகொண்டு முன்னால் நடப்பார்கள். கூட்டம் இருபதைத் தாண்டி ரொம்ப தூரம் போயிருக்கும்.

லீவு கிடைத்தால் போய்வரலாம். திரும்பும்போது திருத்தணி ரயிலில் உட்கார இடம் கிடைத்தால், போனில் பாரதியைத் திறந்து ஒரு பக்கம் படிக்கலாம். அதற்கு வாடகை கிடையாது.